'ரெஸ்பெக்ட்' பாட்டுல வர்ற அந்த சாக்ஸபோன்... வாசிச்சது யார் தெரியுமா? கிங் கர்டிஸின் கதை!

அரேதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாடலைக் கேட்டிருப்பீர்கள். நடுவில் அவர் குரல் ஓய்ந்து, சில நொடிகள் ஒரு சாக்ஸபோன் முன்னால் வரும். பாட்டு உலகத்துக்கே தெரியும். வாசித்தவர் பெயர் பலருக்குத் தெரியாது. அவர்தான் கிங் கர்டிஸ்.

யார் இவர்?

1934 பிப்ரவரி 7ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர். இயற்பெயர் கர்டிஸ் அவுஸ்லி. 12 வயதில் சாக்ஸபோன் பழக ஆரம்பித்தார். கல்லூரியில் படிக்க உதவித்தொகை கிடைத்தும், வேண்டாம்னு சொல்லிட்டு லயனல் ஹாம்ப்டனின் இசைக்குழுவில் சேர்ந்துட்டார். 1952ல் நியூயார்க்கில் குடியேறினார்.

செஷன் கலைஞர்னா என்ன?

ஸ்டூடியோவுக்கு வந்து, வேறொருவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, அதற்கான கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் இந்த வேலை. பாட்டு ஹிட் ஆனாலும் ரெக்கார்டு மேல் இருப்பது பாடகர் பெயர்தான்.

1958ல் தி கோஸ்டர்ஸ் குழுவின் 'யாக்கெட்டி யாக்' அமெரிக்காவில் நம்பர் 1. அதில் திக்கித் திக்கிப் பேசுவது போல ஒலிக்கும் சாக்ஸபோன் இவருடையது. ஓட்டிஸ் ரெடிங் 1965ல் பாடிய 'ரெஸ்பெக்ட்'டில் சாக்ஸபோன் தனி வாசிப்பே கிடையாது. 1967ல் அரேதா பாடியபோதுதான், கர்டிஸ் வாசிப்பதற்காக ஒரு புதுப் பகுதியைச் சேர்த்தார்கள்.

சொந்தப் பெயரில் ஜெயிக்கலையா?

ஜெயித்தார். 1962ல் 'சோல் ட்விஸ்ட்' ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். 1965ல் ஷியா ஸ்டேடியத்தில் 55 ஆயிரத்துக்கும் அதிகமான ரசிகர்கள் கூடிய பீட்டில்ஸ் கச்சேரியில், அவர்களுக்கு முன்பு மேடையேறிய குழுக்களில் இவர் குழுவும் ஒன்று. 1970ல் கிராமி விருதும் வந்தது.

ஆனா பெரிய திருப்பம் 1971ல்தான். மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் அரேதாவுக்கு இசைக்குழுத் தலைவர். அதே மேடையில் இவர் தனியாக வாசித்ததும் ஆல்பமாக ஆகஸ்ட்டில் வெளியானது. ஜூலையில் ஜான் லெனனின் 'இமேஜின்' ஆல்பத்துக்காக 2 பாடல்களில் வாசித்தார்.

அந்த இரவு என்ன நடந்தது?

1971 ஆகஸ்ட் 13. நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் நடந்த தகராறில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயது 37தான். இறுதிச் சடங்கில் அரேதா பாடினார்.

அடுத்த மாதமே 'இமேஜின்' வெளியானது. அக்டோபரில் 'சோல் ட்ரெயின்' டிவி நிகழ்ச்சி அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் போனது. அதன் தொடக்க இசையும் இவருடையதுதான். கேட்க அவர் இல்லை.

2000ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அதில் இடம்பிடித்த முதல் 5 பேரில் ஒருவர் கிங் கர்டிஸ். அதற்குள் அவர் இறந்து 28 வருஷம் ஓடிவிட்டது.