தங்கைகளுக்கு நேரு எழுதிய கடிதங்கள்: ஓர் அண்ணனின் கதையும் ஒரு சொத்துச் சட்டத்தின் கதையும்

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஆவடி போகும் மின்சார ரயிலில் ஏறினால், அடுத்த ஸ்டேஷன் பெரம்பூர். அதைத் தாண்டி சில நிமிஷத்தில் ஐ.சி.எஃப். வந்துவிடும். அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று திறந்துவைத்தவர் ஜவஹர்லால் நேரு. அதே ஆண்டு ஜனவரியில், இதே ரயில் பாதையில் இருக்கும் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கும் அவர் வந்திருந்தார்.

மேடையில் பேசிய அந்த நேருவை வடசென்னையின் பழைய ஆட்களுக்கு நல்லாத் தெரியும். தங்கைகளுக்குக் கடிதம் எழுதிய நேருவைத்தான் பலருக்குத் தெரியாது.

மகள் இந்திராவுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்போம். ஆனால், இரண்டு தங்கைகளுக்கும் அவர் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். இளைய தங்கைக்கு எழுதியவை 1963-ல் புத்தகமாகவே வந்தன.

யார் அந்தத் தங்கைகள்?

நேரு பிறந்தது 1889 நவம்பர் 14, அலகாபாத்தில். 11 வயசு வரை வீட்டில் ஒரே பிள்ளை. 1900-ல் முதல் தங்கை பிறந்தார். அவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த விஜயலட்சுமி பண்டிட். இரண்டாவது தங்கை கிருஷ்ணா 1907-ல் பிறந்தார். அண்ணனுக்கும் அவருக்கும் 18 வயசு வித்தியாசம். அண்ணன் என்பதைவிட, கிட்டத்தட்ட இன்னொரு அப்பா.

வீட்டில் கிருஷ்ணாவின் செல்லப் பெயர் பெட்டி. மகள் என்று பொருள்படும் ‘பேட்டி’ என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது.

1932 ஜனவரியில் தங்கைகள் இருவருமே கைதானார்கள். ஆளுக்கு ஓராண்டு கடுங்காவல். அப்போது அண்ணனும் சிறையில். அதே ஆண்டு ஏப்ரலில், வயதான அம்மா சொரூபராணி ஊர்வலத்தில் போலீஸ் தடியடி பட்டு, தலையில் ரத்தம் வழிய ரோட்டில் விழுந்தார். ஒரே குடும்பம் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்த காலம் அது.

கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம்?

நேரு மொத்தம் 9 முறை சிறை சென்றார். எல்லாம் சேர்த்தால் சுமார் 9 ஆண்டுகள். இன்று வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாளில் நாம் போடும் மெசேஜ் அளவுக்குக்கூட அவரால் ஒரு மாதத்தில் எழுத முடியாது. எத்தனை கடிதம், யாருக்கு என்பதை ஜெயில் அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள். எழுதியதைத் தணிக்கை அதிகாரி படித்த பிறகே தபாலில் போகும்.

ஒருமுறை அவர் மனைவி கமலா, அம்மா, மகள் மூவரும் சிறையில் ஓர் உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் அவமதிக்கப்பட்டார்கள். அதற்கு எதிர்ப்பாக, தன்னைப் பார்க்கவும் யாரும் வர வேண்டாம் என்று நேரு பல மாதங்கள் நேர்காணலையே தவிர்த்தார். அந்த மாதங்களில் வீட்டுடன் இருந்த ஒரே தொடர்பு கடிதம்தான்.

1942 ஆகஸ்டில் கைதாகி அகமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டபோது கட்டுப்பாடு இன்னும் இறுகியது. குடும்பத்தாருக்கு மட்டும்தான் எழுதலாம், அதுவும் வீட்டு விஷயம் மட்டும். அரசியல் தலைகாட்டினால் தணிக்கையின் கத்தரி விழும். அதனால் தங்கைக்குப் போன கடிதங்களில் உடம்பு எப்படி இருக்கு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எந்தப் புத்தகம் நல்லா இருக்கு என்பதுபோன்ற சங்கதிகளே நிறைந்திருந்தன.

விஜயலட்சுமிக்கான கடிதங்கள் சுதந்திரத்துக்குப் பிறகு வேறு மாதிரி ஆயின. அவர் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் இந்தியத் தூதர். 1950 டிசம்பரில் அமெரிக்காவிடம் இந்தியா 20 லட்சம் டன் தானியம் கேட்டபோது, வாஷிங்டனில் இருந்தவர் அவர்தான். பிரதமர் தூதருக்கு எழுதுவதும் அண்ணன் தங்கைக்கு எழுதுவதும் ஒன்றாகக் கலந்தன. தங்கைக்குப் பதவி கொடுத்தார் என்ற விமர்சனமும் நேருவைத் தொடர்ந்தது. 1953-ல் ஐ.நா. பொதுச் சபையின் முதல் பெண் தலைவரானார் விஜயலட்சுமி.

சொத்து விஷயம் எங்கே வருகிறது?

அப்பா மோதிலால் 1931 பிப்ரவரி 6 அன்று இறந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. அன்றைய சட்டப்படி எல்லாம் மகனுக்கே. கல்யாணமாகாத தங்கை கிருஷ்ணா, இனி அண்ணனை நம்பித்தான் வாழணுமோ என்று தவித்தார். அவருக்கு நேரு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: அப்பா விட்டுச் சென்றது அம்மாவுக்கும் தங்கைக்கும் உரியது, தான் வெறும் பொறுப்பாளர் மட்டுமே.

கிருஷ்ணாவின் கல்யாணம் 1933 அக்டோபரில் ஆனந்த பவனில் எளிமையாக நடந்தது. மணமகன் அகமதாபாத்தைச் சேர்ந்த ஜைனர், ராஜா ஹத்தீசிங். சாதி தாண்டிய திருமணம் என்பதால் சிவில் திருமணச் சட்டத்தின் கீழ்தான் நடத்த முடிந்தது.

அண்ணன் மனசு வைத்ததால் கிருஷ்ணாவுக்குப் பிரச்சினை வரவில்லை. விஜயலட்சுமிக்கு அப்படி அமையவில்லை. கணவர் ரஞ்சித் பண்டிட், சிறையில் உடல்நலம் கெட்டு, 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். மூன்றும் பெண் குழந்தைகள். மகன் இல்லாததால், கணவர் குடும்பச் சொத்தில் விதவைக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழுந்து அவரை வாட்டியது. அண்ணனோ அகமத்நகர் கோட்டைக்குள். ஆறுதலாக ஒரு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் அண்ணன் நல்லவர், இன்னொரு வீட்டில் உறவினர் ஒத்துவரவில்லை. பெண்ணின் வாழ்க்கை யாரோ ஒருவரின் நல்ல மனசைப் பொறுத்தே இருந்தது. சட்டம் வேண்டியிருந்தது இதற்காகத்தான்.

சட்டம் எப்போது மாறியது?

சட்ட அமைச்சர் அம்பேத்கர் இந்துச் சட்ட மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. நேரு அரசு அதைத் தள்ளிப்போட்டதால், மனம் கசந்து 1951-ல் அம்பேத்கர் பதவி விலகினார். நேரு மீது இன்றும் உள்ள நியாயமான குறை இது. தேர்தலில் ஜெயித்த பிறகு, அந்த மசோதாவைத் தனித்தனிச் சட்டங்களாகப் பிரித்து அவர் நிறைவேற்றினார். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவரது சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு.

ஆனாலும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை ஆண்களிடமே இருந்தது. அதை மகளுக்கும் தந்தது தமிழ்நாட்டின் 1989 திருத்தம். அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு அது பொருந்தியது. நாடு முழுக்க வந்தது 2005-ல்.

1954-ல் எழுதிய உயிலில் நேரு ஆனந்த பவனை மகளுக்கே கொடுத்தார். கூடவே, தங்கைகளும் அவர்களின் பிள்ளைகளும் எப்போது வந்தாலும் அது அவர்களின் வீடாகவே இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். பத்தாண்டு கழித்து, 1964 மே 27 அன்று அவர் காலமானார்.

இன்றும் நம்ம ஊர் சார்பதிவாளர் அலுவலகங்களில் அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பது சகஜம். சிலர் மனசார எழுதுகிறார்கள். சிலர், உறவு விட்டுப்போகுமே என்று பயந்து எழுதுகிறார்கள். 1931-ல் கிருஷ்ணாவுக்கு அண்ணனின் கடிதம் மட்டும்தான் பாதுகாப்பு. இன்று கையெழுத்துப் போடும் பெண்ணின் பக்கம் சட்டம் இருக்கிறது. தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அவர் முடிவெடுக்கலாம்.