கண்டிக்கு வந்த கைதி

ஹற்றனில் புகைவண்டி ஏறி, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டிக்கு இறங்கி வருவோர், பயணத்தின் முற்பாதி முழுவதும் தேயிலைப் பசுமையைக் கண்டு மகிழ்வர். ஆயினும் அப்பசுமை அத்துணைப் பழையதன்று. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதோடு தொடங்கிய கதை அது. அதற்கு 175 ஆண்டுகள் முன்னர் இம்மலைகள் பெருங்காடாய்க் கிடந்தன. மகாவலி கங்கை மூன்று புறமும் சூழ்ந்தோட, மலைக் கணவாய்களில் முட்கதவங்கள் காவல் நிற்க, நடுவே கண்டி மன்னரின் தலைநகர் இருந்தது. இன்று அந்நகருக்கு அழகு செய்யும் வாவியும் அன்று இல்லை. அந்நகருக்கு 1692ஆம் ஆண்டு விலங்கிட்டு அழைத்துவரப்பட்டார் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரே யோசேவாஸ் அடிகளார்.

அவர் ஐரோப்பியரல்லர். கோவாவைச் சேர்ந்த பெனவுலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் பிராமணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர். 1676இல் குருவானார், சில ஆண்டுகள் கன்னடக் கரையில் பணிபுரிந்தார், பின்னர் கோவாவில் ஓரற்றோரியன் சபையாக வளர்ந்த குருமார் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அங்கேயே இருந்திருப்பின் மதிப்போடும் வசதியோடும் வாழ்ந்திருக்கலாம். ஆனால் இலங்கையிலிருந்து வந்த செய்தி அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் தம் எல்லைக்குள் நுழையவொட்டாது தடுத்திருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அங்குள்ள கத்தோலிக்கருக்குப் பூசை காண வழியில்லை. சாகும் தறுவாயில் பக்கத்திலிருந்து செபிக்கவும் குருவானவர் இல்லை.

1687இல் தூத்துக்குடியிலிருந்து அவர் கடல் கடந்தபோது துணைக்கு வந்தவர் ஜோன் என்னும் பணியாளர் ஒருவரே. இருவரும் கந்தையுடுத்த ஏழைகளாய் வேடம் பூண்டனர். யாழ்ப்பாணம் சேர்வதற்குள் அடிகளாரை வயிற்றுக் கடுப்பு வாட்டி வதைத்தது. தெருவோரம் கிடந்தவருக்குக் கருணையுள்ள பெண்ணொருத்தி கொண்டுவந்த கஞ்சியே உயிர் தந்தது என்பர். உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையொன்று தெரியும்படி அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது, எவர் விழி கசிகிறது என்று கவனித்தே தம் மக்களை இனங்கண்டார். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி ஒல்லாந்தர் நடத்திய தேடுதலில் கத்தோலிக்கர் பலர் பிடிபட்டனர், தேடப்பட்டவரோ அகப்படவில்லை. மறு ஆண்டு அவர் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குப் போனார். ஒல்லாந்தரின் கை எட்டாத இடத்தில் நிலைகொண்டாலன்றி இலங்கையில் தம் பணி நிலைக்காது என்று அவர் கண்டுகொண்டார். அத்தகைய இடம் கண்டி ஒன்றே.

கண்டிக்கு அணித்தாயுள்ள வேவுட என்னும் ஊரில் தங்கி, நகருக்குள் வர அரச அனுமதி கோரினார். அனுமதிக்குப் பதிலாகக் காவலர் வந்தனர். அரண்மனையில் செல்வாக்குடன் இருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர், வந்திருப்பவன் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று மன்னரிடம் கூறிவிட்டார். லனரோல் புரட்டஸ்தாந்தர். அவர் தாய்நாட்டில் 1685இல் அம்மதத்தாரின் வழிபாட்டுரிமையைக் கத்தோலிக்க மன்னர் முற்றாகப் பறித்திருந்தார். அதனை நினைத்தால் அவர் கொண்ட வெறுப்பு முழுவதையும் தீய குணம் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியரின் ஐயமும் வெறும் ஐயமன்று. போர்த்துக்கேயர் இத்தீவில் கோயில்களையும் விகாரைகளையும் இடித்த நினைவு அப்போது ஆறாத புண்ணாயிருந்தது. மன்னரின் தந்தையாரான இரண்டாம் இராசசிங்கர் அந்நியர் பலரைச் சிறைப்படுத்தி வைத்திருந்தவர். ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் அடைபட்டிருந்து 1679இல் தப்பியோடியது அந்நாட்டிலிருந்தே.

இவ்வாறு, புதிய நகரில் அடிகளாருக்கு முதலில் வாய்த்த இல்லம் சிறையாயிற்று. நாற்பத்தொரு வயதினர், நோயால் நலிந்த உடல், ஊரார் மொழியோ தெரியாது. அவர் செய்த முதற் காரியம் அம்மொழியைக் கற்றதே. கொங்கணியும் போர்த்துக்கேயமும் இலத்தீனும் அறிந்திருந்தவர், தமிழையும் முன்னரே பயின்றிருந்தார். இப்போது காவலரிடையே இருந்துகொண்டு சிங்களத்தை ஊன்றிக் கற்றார். நாளடைவில் செபங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அமைத்துக்கொடுக்கும் அளவுக்கு இரண்டும் அவருக்கு வசப்பட்டன.

தொடக்கத்தில் காவல் கடுமையாயிருந்தது. ஒற்றன் என்று அடைக்கப்பட்டவன் செபிப்பதும் படிப்பதுமன்றி வேறெதுவும் செய்யாதது கண்டு, அக்கடுமை மெல்லத் தளர்ந்தது. சிறை வளவுக்குள் ஓலைக் கொட்டில் ஒன்று எழுந்து ஆலயமாயிற்று. போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கரின் வழிவந்தோர் நகரில் இருந்தனர். அவர்கள் முதலில் அஞ்சியஞ்சி இரவில் வந்தனர். பின்னர் பகலிலும் வந்தனர். ஈராண்டளவில் அடிகளார் நகருக்குள் நடமாடலாம் என்றாயிற்று. வறட்சிக் காலமொன்றில் அவர் செபிக்க மழை பெய்தது என்றும், அதனாலேயே மன்னர் மனம் இளகினார் என்றும் பக்தர்கள் சொல்வர். மழையின் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. அடுத்து நிகழ்ந்ததோ ஐயத்துக்கு இடமற்றது.

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. மன்னரே நகரைவிட்டு அகன்றார். நோய் கண்டவர்களை அவர்தம் சொந்த மக்களே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினர். அவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் அம்மைக் குத்துதல் என்பதே அறியப்படாத காலம் அது. ஜென்னரின் முறை வருவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. அடிகளார் காட்டுக்குள் தேடிச் சென்றார். கிடந்தவர்களுக்குக் குடில்கள் கட்டினார். மக்கள் கைவிட்டுப்போன வீடுகளையும் மருத்துவமனைகளாக்கினார். கஞ்சி காய்ச்சி ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா, சைவரா என்று அவர் கேட்கவில்லை. மன்னர் திரும்பிவந்தபோது, ஐந்தாண்டுகளுக்கு முன் தாம் ஒற்றன் என்று கருதிய மனிதர் நகரைவிட்டு ஓடாமல் இருந்தார் என்பதை அறிந்தார். ஓடுவதற்கு அதைவிட ஏற்ற தருணம் ஒரு கைதிக்கு வாய்த்திருக்க முடியாது. அதன் பின் இராச்சியம் முழுவதும் சுதந்திரமாய்ப் பணிபுரிய அவருக்கு உரிமை கிடைத்தது.

விமலதர்மசூரியர் பௌத்தத்தைப் புறக்கணித்துவிட்டு அவ்வுரிமையை வழங்கினார் என்று எண்ணுதல் தவறு. புனித தந்தத்துக்கு மூன்று மாடி மாளிகை எடுப்பித்தவர் அவர். அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதை வழங்கச் செய்தவரும் அவரே. தம் சமயத்தில் ஆழ ஊன்றி நின்ற அரசர் ஒருவர், தம் மக்களைப் பேணிய பிற சமயத் துறவியை மதித்தார் என்பதே உண்மை.

கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றி, சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்துக்குக் கால்கோளிட்டார். யோசேவாஸ் அடிகளார் கண்டியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, ஒல்லாந்தர் எல்லைக்குள்ளும் வேடமிட்டுச் சென்று வந்தார். அந்நாளில் இந்தியாவுக்கு வந்திருந்த பாப்பரசரின் தூதர் அவரை உயர்பதவியில் அமர்த்த விரும்பியபோது அதனை ஏற்க மறுத்துவிட்டார். 1707இல் விமலதர்மசூரியர் மறைந்து நரேந்திரசிங்கர் அரியணையேறிய பின்னும் அரண்மனையின் ஆதரவு குன்றவில்லை. கோவாவுக்கோ அடிகளார் ஒருநாளும் திரும்பவில்லை.

நெடுந்தூரப் பயணங்களால் நைந்த உடல் ஒடுங்கி, 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இரவு கண்டியிலேயே உயிர் நீத்தார். கைதியாய் வந்து பத்தொன்பதாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. 1995இல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புனிதர் பட்டமும் கொழும்பின் காலிமுகத்திடலில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில் வழங்கப்பட்டன. ஆயினும் அவரை அடக்கம் செய்த இடம் காலப்போக்கில் அடையாளம் அழிந்துவிட்டது. கண்டி நகரின் மண்ணில் அது எங்கோ இருக்கிறது.