வால்டர் ரீட்

முற்காலத்தில் கோடை பிறந்தாலே அமெரிக்கத் துறைமுக நகர மக்கள் உள்ளம் நடுங்கினர். வெப்ப நாடுகளிலிருந்து வரும் கப்பல்களோடு மஞ்சட்காய்ச்சலும் வந்திறங்கும். 1793ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அது ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. 1878இல் மெம்பிஸ் நகரிலும் அத்தகைய பேரழிவு நேர்ந்தது. முதற்பனி விழுந்ததும் நோய் தானே மறைந்துவிடும். ஏன் மறைகிறது என்பதை ஒருவரும் அறிந்திலர். நோயாளியின் துணியே காரணமென்று பலர் நம்பினர். ஆகவே படுக்கையைக் கொளுத்தினர். தண்ணீர்ப் பீப்பாயை மட்டும் திறந்தே வைத்திருந்தனர்.

இப்புதிரை விடுவித்த வால்டர் ரீட் 1851ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சமயபோதகரின் மகனாகப் பிறந்தார். 17ஆம் வயதிலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். 1875இல் படை மருத்துவராகிப் பல்லாண்டுகள் எல்லைப்புறப் பாசறைகளில் பணியாற்றினார். 1900ஆம் ஆண்டு, மஞ்சட்காய்ச்சலை ஆராயும் குழுவின் தலைவராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். காரல், லேசியர், அக்ரமாண்டே என்னும் மருத்துவர் மூவர் அவருக்குத் துணையாயினர்.

இந்நோயைப் பரப்புவது கொசுவே என்று ஹவானா நகர மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881லேயே கூறியிருந்தார். இக்காலத்தில் டெங்குவைப் பரப்பும் கொசுவும் அதுவே. ஆயினும் பின்லேயின் சோதனைகள் அதனை ஐயமற மெய்ப்பிக்கவில்லை. குறை எங்கே என்பதைக் காட்டியது வேறொருவர் பொறுமையோடு வைத்த நாட்கணக்கு. ஹென்றி கார்ட்டர் என்னும் மருத்துவர் 1898இல் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர்களில், எந்த வீட்டில் யார் எந்நாள் நோயுற்றார் என்பதைக் குறித்து வந்தார். முதல் நோயாளி படுத்து இரண்டு மூன்று வாரம் சென்ற பின்னரே அவ்வீட்டில் அடுத்தவர் படுத்தார். அந்த இடைக்காலத்தில் நோய் எங்கே ஒளிந்திருந்தது? கொசுவின் உடலில்தான்! நோயாளியைக் கடித்த கொசு ஏறத்தாழ 12 நாள் கழிந்த பின்னரே பிறருக்கு நோயைத் தரும் ஆற்றல் பெறுகிறது. பின்லே அத்தனை நாள் காத்திருக்கவில்லை.

காரல் தம் கையைக் கொசுவுக்கு நீட்டினார். நோயுற்று, அரிதின் உயிர் பிழைத்தார். லேசியர் பிழைக்கவில்லை. 1900 செப்டம்பர் 25ஆம் நாள், 34ஆம் வயதில் மாண்டார். அப்போது ரீட் வாஷிங்டனில் இருந்தார். திரும்பி வந்து, தோழரின் பெயரால் ஒரு பாசறை அமைத்து, இரு குடில்கள் எழுப்பினார். சோதனைக்கு உடன்பட்டோரிடம் எழுத்தில் இசைவு பெற்றார். அக்காலத்தில் இஃது அரிய செயல். ஒரு குடிலில், நோயாளிகளின் அழுக்குத் துணிகளிடையே 20 இரவு உறங்கியவர்கள் நலமாக எழுந்து வந்தனர். மற்றதில் கம்பிவலைக்கு அப்பால், கொசுக்களிடையே சென்றவர் சில நாளில் நோயுற்றார். இப்பால் இருந்தவர்கள் நோயுறவில்லை. பனியில் கொசு மடிந்ததாலேயே நோயும் நின்றது என்பது விளங்கிற்று. நோய்க்கிருமி நுண்வடிகட்டியையும் கடந்து செல்வதைக் காரல் 1901இல் காட்டினார். மனிதருக்கு நோய் தரும் வைரஸ் முதன்முதல் அறியப்பட்டது இவ்வாறே.

அவ்வாண்டிலேயே கார்கஸ் என்னும் படை மருத்துவர் ஹவானாவில் வீடுதோறும் ஆள் அனுப்பித் தண்ணீர்க்கலங்களைச் சோதித்து மூடச்செய்தார். நோயாளிகளை வலைக்குள் வைத்தார். காய்ச்சல் ஒழிந்தது. ரீட் 1902 நவம்பரில் குடல்வால் நோயால் காலமானார். 1905இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் மஞ்சட்காய்ச்சல் மீண்டும் தோன்றி 400க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அந்நகரத்தார் இம்முறை துணிகளைக் கொளுத்தவில்லை. வீடுவீடாகச் சென்று தொட்டிகளை மூடினர், தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றினர். பனி விழுமுன்பே நோய் அடங்கியது.