காலைக் காத்த கம்பி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1920-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் சார்லஸ் டாட்டர். 32 வயதிலேயே ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் மருத்துவக் கல்லூரி எக்ஸ்ரே துறையின் தலைவரானார். அந்நாளில் எக்ஸ்ரே மருத்துவரின் வேலை படம் எடுத்துத் தருவதோடு முடிந்துவிடும். டாட்டருக்கு அது போதவில்லை.

1964 ஜனவரியில் 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். தொடையிலுள்ள இரத்தக் குழாய் சுருங்கி, பாதத்திற்கு இரத்தம் எட்டாமல் விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். பாட்டி இணங்கவேயில்லை. அந்தப் பிடிவாதத்திற்கு மருத்துவ உலகம் நன்றி சொல்ல வேண்டும்! டாட்டர் தொடையின் மேற்பகுதியில் ஊசியால் துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மெல்லிய கம்பியொன்றைச் சுருக்கத்தினூடே செலுத்தினார். அக்கம்பியின்மேல் ஒரு சிறு குழல். அதன்மேல் சற்றுப் பெரிய குழல். வழி அகன்றது. சில்லிட்டிருந்த பாதம் சில நிமிடங்களில் சூடாயிற்று. விரல்கள் மூன்று போயினும் கால் பிழைத்தது. பின்னும் இரண்டரை ஆண்டுகள், இறக்கும்வரை, பாட்டி தம் இரு கால்களாலேயே நடந்தார்.

ஆயினும் அமெரிக்க அறுவை மருத்துவர் பலர் அவரைப் பித்தர் என்று ஒதுக்கினர். கிட்டார் தந்தியிலும் கார் வேகமானிக் கம்பியிலும் கருவி செய்து பார்த்தவரல்லவா! ஐரோப்பிய மருத்துவர்களோ அம்முறையைக் கற்று, அதற்கு அவர் பெயரையே இட்டு வழங்கினர். அவர்கள் வழி வந்த கிரன்ட்சிக், குழலின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தி, 1977-இல் சூரிக் நகரில் இதயத்தின் இரத்தக் குழாயையே விரித்தார்.

மறு ஆண்டு டாட்டரின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1985-இல் அவர் மறைந்தார்.