வேலூருக்கு ஒளியேற்றிய வைத்தியத் தாய்
டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வும் பணியும்

நம் செஞ்சி, பனமலைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் பெரிய நோய் கண்டுவிட்டால், கடைசியில் எல்லோர் வாயிலும் வரும் சொல் வேலூர் ஆஸ்பத்திரி என்பதுதான். அந்த ஆஸ்பத்திரியின் வித்து நமக்கு அருகிலுள்ள திண்டிவனத்தில்தான் விழுந்தது என்பதைப் பலரும் அறியார். அதை விதைத்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்க சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷனைச் சேர்ந்தவர். ஆயினும் பிரிந்த சகோதரரின் நற்பணியை மதித்துப் போற்றும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் நமக்குக் கற்பித்திருக்கிறது. அத்துடன், வெளிநாட்டார் தரும் பணத்தைக் கொண்டு ஒரு நற்பணியை எப்படித் திட்டமிடுவது, எப்படி நடத்துவது, எப்படி அளந்து பார்ப்பது என்பதற்கு இவர் வாழ்வைவிடச் சிறந்த பாடம் நம் வட்டாரத்தில் இல்லை. ஆகவே இந்த ஜூபிலி மலரில் அன்னாரை நினைவுகூர்வது பொருத்தமே.

பிறப்பும் இளமையும்

அம்மையாரின் பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் வைத்தியப் பணி தொடங்கியவர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகத் தமிழ்நாட்டில் உழைத்தனர். அக்குடும்பத்தில் 1870 டிசம்பர் 9-ம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். 1876 முதல் 1878 வரை நம் ஆற்காடு மாவட்டங்களைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தை அவர் குழந்தைப் பருவத்தில் கண்ணால் கண்டார். நடக்கவும் வலுவில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டும் வேலை அந்தச் சிறுமிக்கு வாய்த்தது. அந்தக் காட்சி அவரை அச்சுறுத்தியது. படிக்க அமெரிக்கா சென்றவர், இந்தியாவுக்கு மிஷனரியாகத் திரும்புவதில்லை என்றே முடிவு செய்திருந்தார்.

திண்டிவனத்து இரவு

1890-ல் தாயார் நோயுற்றதால், அவருக்குத் துணையாகச் சில காலம் இருந்துவிட்டுப் போக ஐடா திண்டிவனம் வந்தார். ஓர் இரவில் பிராமண இளைஞர் ஒருவர் பங்களாவின் வாசலில் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். தம் தந்தை டாக்டர். அவரை அழைத்துவருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை ஏற்க இயலாது என்று அவர் திரும்பிவிட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிம் அன்பரும், பின்னர் மற்றொரு இந்து அன்பரும் இதே வேண்டுதலோடு வந்து, இதே காரணத்தால் வெறுங்கையோடு சென்றனர். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

ஊரில் டாக்டர் இருந்தார், மருந்தும் இருந்தது. அவை இருந்தும் அப்பெண்களுக்கு எட்டவில்லை. தேவைப்பட்டது பெண் டாக்டர். இதை வெளிநாட்டில் எந்த அலுவலகத்திலும் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த இரவே ஐடாவின் வாழ்வைத் திருப்பியது. அமெரிக்காவுக்குத் திரும்பி மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

இதே துன்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையும் கண்டது. இராவல்பிண்டியில் பெண்களுக்கு மருத்துவமனை தொடங்க உழைத்த டாக்டர் ஆக்னஸ் மக்லாரனும், 1925-ல் மருத்துவ மிஷன் சகோதரிகள் சபையை நிறுவிய அன்னை அன்னா டெங்கலும் இதற்காகவே போராடினர். கன்னியர் பிரசவ வைத்தியம் செய்வதற்கு இருந்த தடை 1936-ல்தான் ரோமாபுரியால் நீக்கப்பட்டது.

ஓர் அறையிலிருந்து தொடக்கம்

அம்மையார் இந்தியா திரும்புமுன் ஆஸ்பத்திரிக்காகப் பணம் திரட்டினார். ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூர் வந்து சேர்ந்த சில மாதங்களில் தந்தை காலமாகிவிட்டார். கையில் பணம் இருந்தும் அம்மையார் கட்டடம் எழும்வரை காத்திருக்கவில்லை. பங்களாவின் ஒரு சிறு அறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். மக்களின் நம்பிக்கை வளர்ந்தது. எந்த நோய் மிகுதி, எந்த உதவியாள் தேவை என்பதும் தெரிந்தது. 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபோது நோயாளிகள் அதற்காகக் காத்திருந்தனர். திறப்பு விழா முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை நாம் பார்த்ததுண்டு. அவற்றுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வர இயலாத கிராமத்தாரைத் தேடி அம்மையாரே சென்றார். வாரந்தோறும் குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடிகளில் நோயாளிகள் கூடிநிற்பர். வண்டியை நிறுத்தி, புண்ணைக் கழுவி, மருந்திட்டுப் போவார். இந்தச் சாலையோர வைத்தியம் பின்னாளில் கிராமச் சுகாதாரப் பணியாக விரிந்தது.

தம் கைகள் போதா என்று உணர்ந்தார்

எத்தனை நாள் உழைத்தாலும் ஒரு டாக்டரால் ஒரு மாவட்டத்தைக் காக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து டாக்டர்களை வரவழைத்துக்கொண்டே இருப்பதும் நிலையான வழியல்ல. நம் நாட்டுப் பெண்களே டாக்டர்களாகவும் நர்சுகளாகவும் வரவேண்டும் என்று அம்மையார் தெளிந்தார். 1909-ல் நர்சுப் பயிற்சி தொடங்கினார். 1918 ஆகஸ்ட் 12-ம் நாள் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அதிகம் என்று மதராஸ் மருத்துவத் துறைத் தலைவர் எண்ணினார். வந்த விண்ணப்பங்களோ 151.

பள்ளி நன்றாக நடக்கிறது என்று தாமே அறிக்கை எழுதிக்கொள்வது எளிது. அம்மையாரின் மாணவிகளோ, மாகாணம் முழுவதற்கும் பொதுவான சர்க்கார் தேர்வை ஆண் மாணவர்களோடு எழுதினர். முதலாண்டுத் தேர்வில் அவர்கள் 14 பேரும் தேறினர். வெளியார் நடத்திய அந்தத் தேர்வே பணிக்குக் கிடைத்த நேர்மையான அளவுகோல். 1922-ல் முதல் அணியினர் படிப்பை முடித்து வெளியேறினர்.

பெரும் பணமும் பெரும் சோதனையும்

1920-களின் தொடக்கத்தில் ராக்பெல்லர் குடும்ப அறநிதி, ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குப் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது. அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் மட்டுமே இது கிடைக்கும் என்பது நிபந்தனை. லூசி பீபாடி என்ற அம்மையாரின் தலைமையில் பெண்கள் ஊர் ஊராகச் சென்று சிறுகச் சிறுகச் சேர்த்து அத்தொகையை நிறைவு செய்தனர். அந்த ஏழில் வேலூரும் ஒன்று. பெரியவர் ஒருவரின் கொடையோடு எளியோர் ஆயிரமாயிரம் பேரின் காசும் சேர்ந்ததால், பணியை அக்கறையோடு கவனிக்கும் கண்களும் பெருகின. நகரில் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. 1928-ல் பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகத்துக்கு வேலை தொடங்கியது. காந்தியடிகளும் அவ்வாண்டு வந்து பார்த்தார்.

பெருஞ்சோதனை 1938 அளவில் வந்தது. இனிப் பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ். படிப்பே நடத்தப்பட வேண்டும் என்று மதராஸ் சர்க்கார் விதித்தது. பேராசிரியர்களும் படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் மேலும் தேவை. இல்லையேல் பள்ளியை மூடவேண்டும். எழுபது வயதைத் தொட்ட அம்மையார் 1941-ல் யுத்தத்துக்கிடையே மீண்டும் அமெரிக்கா சென்று பணம் திரட்டினார்.

பல சபைகள் ஒன்றுகூடி உதவவேண்டுமானால் ஆண் மாணவரையும் சேர்க்கவேண்டும் என்ற கேள்வி அப்போது எழுந்தது. பெண்களுக்கென்று பணம் கொடுத்தவர்கள் மனம் நொந்தனர். நெடுநாள் துணையாயிருந்த லூசி பீபாடியே அம்மையாரைவிட்டு விலகினார். கொடுத்தவரின் நோக்கத்தைக் காப்பதா, பணியின் உயிரைக் காப்பதா என்ற இந்தச் சங்கடம் எளிதன்று. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. பணி நிலைக்கவேண்டும் என்பதையே அம்மையார் தேர்ந்துகொண்டார்; அதற்கு ஒரு நட்பை விலையாகக் கொடுத்தார். 1942-ல் பட்டப்படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தனர். பெண் மருத்துவரை உருவாக்கும் வேலை அதனால் நின்றுபோகவில்லை.

கைம்மாற்றிக் கொடுத்த பெருந்தன்மை

1946-ல் அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1960 மே மாதம் கொடைக்கானலில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். 1948-ல் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயாளியின் முடங்கிய கைக்கு அறுவை சிகிச்சை செய்ததும், 1971-ல் நம் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்ததும் அவர் தொடங்கிய நிறுவனத்தில்தான். வெளிநாட்டுக் கொடையால் பிறந்த பணி, நாளடைவில் செலுத்த இயன்ற நோயாளிகளின் கட்டணத்தால் அன்றாடச் செலவைத் தாங்கி, ஏழைக்குச் சலுகை தரும் நிலைக்கு உயர்ந்தது.

நாம் கற்கும் பாடம்

அமெரிக்கக் கோதுமையும் பால் பவுடரும் எண்ணெயும் பங்குகளின் வழியே வந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1958-ல் ஜெர்மன் ஆயர்கள் தொடங்கிய மிசெரியோர், 1962-ல் தோன்றிய காரித்தாஸ் இந்தியா போன்ற அமைப்புகளால் கிணறுகளும் பள்ளிகளும் எழுந்தன. 1976-லும் 2010-லும் வந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டங்கள் கணக்கைக் கண்டிப்பாக்கின. ஆனால் சட்டம் கேட்பது கணக்கை மட்டுமே. மனச்சாட்சி கேட்க வேண்டிய கேள்விகளை அம்மையாரின் வாழ்வு தருகிறது. இந்தத் தேவையை நாம் யாருடைய வாசலில் கண்டோம்? சிறியதாகத் தொடங்கிப் பார்த்தோமா? நம் பங்காக என்ன கொடுத்தோம்? பயனை வெளியார் அளந்து சொல்ல விட்டோமா? கொடுப்பவர் கை ஓய்ந்தபின் இதை யார் நடத்துவார்?

அன்பார்ந்த பங்கு மக்களே! ஜூபிலி ஆண்டில் நாமும் பல திட்டங்களைத் தீட்டுகிறோம். ஒவ்வொன்றையும் தொடங்குமுன் இக்கேள்விகளை ஒருமுறை கேட்டுக்கொள்வோம். திண்டிவனத்தில் அன்று இறந்த மூன்று தாய்மாரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கு எட்டாத உதவி, அதன்பின் எண்ணற்ற தாய்மாருக்கு எட்டியது. நம் பணிகளும் தேவையில் இருப்பவரை எட்டும் பணிகளாக அமைய இறைவன் அருள்புரிவாராக!