குழந்தைக்குத்தானே தெரபி, அப்பா அம்மாவை ஏன் உள்ளே கூப்பிடுகிறார்கள்? டாக்டர் வித்யாசாகரின் கதை

நீங்க ஈஜிபுராவில் இருக்கீங்க. சனிக்கிழமை பையனை தெரபிக்கு அழைச்சிட்டுப் போறீங்க. முக்கால் மணி நேரம் அவன் உள்ளே, நீங்க வெளியே லேப்டாப்போட. ஒருநாள் உளவியலாளர் உங்களையும் உள்ளே வரச் சொல்கிறார். பிரச்னை அவனுக்குத்தானே, நான் எதுக்கு என்று தோன்றும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் செயலில் பதில் சொன்னவர் மனநல மருத்துவர் வித்யாசாகர். (வங்காளத்து ஈஸ்வர சந்திர வித்யாசாகர் இல்லை, இவர் வேறு.) 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர். பிரிவினைக்குப் பிறகு, 1950 டிசம்பரில், லாகூரில் இருந்த சுமார் 450 இந்து, சீக்கிய மனநோயாளிகள் இந்தியா வந்தபோது பெரும்பாலோர் சேர்ந்தது இங்கேதான். மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதைக்குப் பின்னால் இருப்பதும் அந்தப் பரிமாற்றமே.

மருத்துவமனையில் இடமில்லை. நோயாளியைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போவதுதான் அன்றைய வழக்கம். அவர் வளாகத்திலேயே கூடாரம் போட்டார். நோயாளியோட குடும்பமும் வந்து தங்கியது. கூட்டமா உட்கார வைத்து, இது என்ன நோய், வீட்டில் எப்படி நடந்துக்கணும் என்று பேசினார். சாபம், பேய் என்ற பயம் குறைந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், திரும்பிய வீடும் அவர்களைப் புரிந்துகொண்ட வீடாக இருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? குழந்தைக்கு ஆட்டிசம் வரக் காரணமே அம்மாவின் பாசக்குறைவு என்றார்கள். பெற்றோரிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றுகூடச் சிலர் நம்பினார்கள். அது தவறு என்று பிறகு தெளிவானது. கூடாரம் போட்டவர்தான் சரியான பக்கம் நின்றார் என்பேன்.

அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். ஆனால் இன்று உங்க பையனின் உளவியலாளர் கேட்பதும் அதே கணக்குதான். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கிட்ட, மீதி எல்லா நேரமும் உங்ககிட்ட. சொல்லித் தந்த பயிற்சியை வீட்டில் தினமும் செய்யணும். அப்பா ஒண்ணு, பாட்டி ஒண்ணு சொல்லக் கூடாது. உள்ளே என்ன பேசினே என்று காரில் ஏறியதும் குடையக் கூடாது. உங்களைக் கூப்பிடுவது குற்றம் சாட்ட இல்லை.

வித்யாசாகர் பின்னர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். டெல்லியின் விம்ஹான்ஸ் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. 1950களிலேயே வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தைக் கூடவே தங்கவைத்தது.

உங்க பக்கத்திலேயே, ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கு. (2017-இல் வேலை தொடங்கி வருஷக்கணக்கில் இழுத்த ஈஜிபுரா மேம்பாலத்தைத் திட்டிக்கொண்டேதான் போகணும்.) அங்கே குழந்தைகள் மனநலப் பிரிவில் சேர்த்தால் பெற்றோரில் ஒருவர் கூடத் தங்கணும். ஆபீஸில் லீவு கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்க.