அண்ணனுக்காக ஒரு வெள்ளிக் குழாய்

அம்மப்பாவுக்குச் சலக்குழாய் போட்டது 2008 இன் கடைசியில். புரொஸ்டேட் வீங்கிச் சலம் அடைத்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு அனுப்பப் பாதை இல்லை. குழாயோடுதான் வன்னிக்குள் இடம் இடமாக ஓடினோம். பையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு பங்கருக்குள் இறங்கும்போதெல்லாம் அது எங்காவது கொளுவி இழுபடும். அவர் கத்தமாட்டார், பல்லைக் கடிப்பார். பை கிழிந்த பிறகு வெறும் சேலைன் போத்தலைக் கட்டிவிட்டோம். இந்தச் சாமானைச் செய்தவன் இதைப் போட்டுக்கொள்ளும் கிழவனை ஒருக்காலாவது நினைத்திருப்பானா என்ற கோபம் எனக்குக் கனகாலம் இருந்தது.

அப்படி நினைத்த ஒருவரைப் பற்றிப் பிறகுதான் வாசித்தேன். நூறு டொலர் தாளில் இருக்கும் முகம், பெஞ்சமின் பிராங்கிளின்.

1706 இல் பொஸ்ரனில், மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து பிழைத்தவரின் வீட்டில் பிறந்தார். தகப்பனுக்கு இரண்டு தாரத்திலும் பதினேழு பிள்ளைகள். ஆண்களில் இவர்தான் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகினார், அடியும் வாங்கினார். பதினேழு வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போய், அங்கே அச்சகமும் பத்திரிகையும் நடத்தி, நாற்பத்திரண்டு வயதில் தொழிலிலிருந்து ஒதுங்கும் அளவுக்குச் சம்பாதித்தார். மின்னலை ஆராயப் பட்டம் விட்டது 1752 ஜூனில். பள்ளிப் புத்தகங்கள் அதோடு நின்றுவிடும்.

அதே வருடம் டிசம்பரில் நடந்ததுதான் எனக்கு வேண்டியது. பதினைந்து வயது மூத்த இன்னொரு அண்ணன் ஜோன், பொஸ்ரனில் சலப்பைக் கல்லால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அப்போது வழக்கத்தில் இருந்தது விறைத்த உலோகக் குழாய். ஆணின் சலவழியோ நேராக இல்லை, உள்ளே வளைந்து திரும்பும். வளையாத குழாயை அதற்குள் விட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. வளையக்கூடிய ஒன்று வேண்டுமென்று ஜோன் தம்பிக்கு எழுதினார்.

யோசனை வந்ததும் பிராங்கிளின் அதை எழுத்தில் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அண்ணனுக்கு விளங்காமல் போகலாம் என்று நேரே வெள்ளித் தட்டானிடம் போனார். வேலை முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, அந்தத் தபாலிலேயே அனுப்பிவைத்தார். கம்பியின் மேல் முறுக்கிச் செய்த வெள்ளிக் குழாய் அது. வளைவுக்கு இசைந்து கொடுக்கும். தள்ளும்போது தொய்ந்தால் விறைப்புக்கு உள்ளே ஒரு கம்பி. குழாய் முன்னேற முன்னேற அதை மெல்ல உருவிவிடலாம். வெளியே இழுக்கும்போது குழாயின் சுற்றளவு தானாகக் குறையும். திருகாணிபோலத் திருப்பியும் விடலாம், எடுக்கலாம். படிகாரமும் உப்பும் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்த மெல்லிய குடலை மேலே உறைபோல மாட்டலாம், அல்லது கொழுப்பு மட்டும் பூசலாம்.

முடிந்த குழாயைப் பார்த்ததும் அவருக்கு ஒரு பயம் வந்தது: மொத்தமாகிவிட்டதோ, அண்ணனுக்கு நோகுமோ? அப்படியென்றால் அங்கேயே ஒரு தட்டானைப் பிடித்து, சின்னக் கம்பியில் சுற்றி மெல்லிசாக்கச் சொல்லுங்கள் என்று அதே கடிதத்தில் எழுதினார். பாவித்துப் பார்த்தால்தான் இன்னும் என்ன திருத்தலாம் என்று தெரியும் என்றும் சேர்த்தார். மின்னலைவிட இந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வளையும் குழாயை முதலில் கண்டுபிடித்தவர் இவரல்ல. ஐரோப்பாவில் தோலிலும் மெழுகுத் துணியிலும் முன்பே செய்துபார்த்திருந்தார்கள். தான் செய்தவற்றுக்கு உரிமை கேட்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. அவருடைய அடுப்புக்குப் பென்சில்வேனியா ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோதும் வேண்டாமென்றார்.

ஜோன் 1756 இல் இறந்தார். பிறகு அதே கல் தம்பியையும் பிடித்தது. 1785 இல் பாரிஸை விட்டுப் புறப்பட்டபோது வண்டியின் குலுக்கலைத் தாங்க முடியாமல், கோவேறு கழுதைகள் சுமந்த அரச பல்லக்கில்தான் துறைமுகம் போய்ச் சேர்ந்தார். 1787 இல், எண்பத்தொரு வயதில், அரசியலமைப்பு எழுதும் கூட்டத்துக்கு வந்தார். கடைசி வருடங்களில் நோவுக்கு அபின். அந்த நிலையிலும் 1790 பெப்ரவரியில் அடிமை முறைக்கு எதிரான மனுவில் கையெழுத்து வைத்தார். ஒருகாலத்தில் அவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஏப்ரல் 17 இல் கண்மூடினார்.

அம்மப்பாவுக்குள் இருந்தது 1930களில் ஃபோலி என்ற அமெரிக்க டொக்டர் உருவாக்கிய வகை. உள்ளே சின்னப் பலூன் ஊதி நிற்பதால் வழுகாது. ஆனால் புத்தி தடுமாறும் வயதானவர்கள் பலூனோடேயே இழுத்துவிடுவார்கள். 2009 இல் முகாமில், காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஓரிரவு, அவரும் இழுத்தார். பாய் முழுக்க இரத்தம்.

காலையில் ஓர் இளம் தாதி வந்து, முந்தியதைவிட மெல்லிய குழாயைத் தேடி எடுத்து, ஜெல் பூசி, எங்கே நோகுது என்று கேட்டுக் கேட்டு விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் அம்மப்பா இருந்தார். குழாய் மாற்ற யார் வந்தாலும், மெல்லிசோ மொத்தமோ என்றுதான் முதலில் கேட்பார்.